நோலாவின் பின்னறையும் பதினைந்தாம் நம்பரும்

நோலா கெம்ப்பின் வீட்டுப் பின்னறையை யாராவது கூட நின்று ஒழுங்கு பண்ணித் தர வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னவள் நான்தான். சொன்ன வாயை மூடுவதற்குள் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் ஊர்க் கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் யரம்பூல் கல்லறை டிரஸ்டில் அப்போது ஐந்து பேர் இருந்தோம். அதில் இரண்டு பேர் கூட்டத்துக்கு வருவதே நோலா சுடும் பழக் கேக்குக்காக. இன்னொருவருக்குக் காது கேட்காது. எதைக் கேட்டாலும் கையைத் தூக்கி ஆதரவு தெரிவிப்பார். மிச்சம் செயலாளர் நோலாவும், ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் நானும். மாத்திரை டப்பாக்களை வரிசையாக அடுக்கத் தெரிந்தவளுக்குக் காகிதங்களை அடுக்கவும் தெரியும் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எங்களைப் போன்ற சின்ன டிரஸ்டுகளை எல்லாம் பெரிய டவுன் டிரஸ்டோடு சேர்த்துவிடப் போவதாகக் கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்து ஆவணங்களை வாங்கிக்கொண்டு போவாள். நாலு பெட்டிக்கு மேல் இருக்கக் கூடாது. பெட்டிக்கு வெளியே லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். எந்தக் குழியில் யார் என்ற ரிஜிஸ்டரில் இருப்பது கணினியில் ஏறும். ரிஜிஸ்டரில் இல்லாதது ஏறாது. கடிதத்தின் கடைசி வரி அதுதான், தடித்த எழுத்தில்.

நாலு பெட்டி என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நோலாவின் பின்னறையை நான் பார்த்திருக்கிறேன். பின்வராந்தாவைக் கண்ணாடிப் பட்டைகள் வைத்து அடைத்து அறையாக்கியது அது. முப்பத்து நாலு வருஷமாக ஊரின் சாவெல்லாம் அந்த அறை வழியாகத்தான் போயிருக்கிறது. பழக் கூடைகள், பிஸ்கட் டின்கள், தையல் மிஷின், ஆஸ்பத்திரி நிதிக்கான லாட்டரிச் சீட்டுக் கட்டுகள், விதை பாக்கெட்டுகள், பழைய காலண்டர்கள், படப்புதிர்ப் பெட்டிகள், கூரை வரைக்கும். நடுவில் ஒரு நாற்காலி. அதில் நோலா உட்கார்ந்தால் வலது கைக்கு டெலிபோன், இடது கைக்கு டீ. மேஜை என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி. நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் போனேன். பிப்ரவரி மாசம், எங்களுக்கு அது உச்சிக் கோடை, வடக்கிலிருந்து அனல் காற்று, கோதுமை அறுத்த வயல்களின் தூசி மொத்தமும் ஊருக்குள். நோலா கையில்லாத பூப்போட்ட சட்டையோடு வாசலில் நின்றாள். எழுபத்தெட்டு வயசுக்கு நல்ல திடகாத்திரம். உதடு மட்டும் இறுகியிருந்தது.

"மூணு குவியல் போடுவோம், நோலா. வச்சுக்கிறது ஒண்ணு, போறது ஒண்ணு, கேட்கிறது ஒண்ணு," என்றேன்.

"கேட்கிறதுன்னா யாரைக் கேட்கிறது?"

"உன்னைத்தான்."

"என்னைக் கேட்டா எல்லாமே முதல் குவியல்தான். ரெண்டு குவியல் மிச்சம் உனக்கு. டீ குடிக்கிறியா, கெமிஸ்ட்டு?"

இருபத்திரண்டு வருஷமாக அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சண்டை போடும்போதும் கெமிஸ்ட்டுதான், கிறிஸ்துமஸ் அட்டையிலும் கெமிஸ்ட்டுதான்.

நான் முதலில் எடுத்தது தக்காளி விதை பாக்கெட். காலி. போகிற குவியலில் போட்டேன். அவள் குனிந்து அதை எடுத்து, திருப்பி, என் மூக்குக்கு நேராக நீட்டினாள். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: 'டூலன் குழந்தை, மூன்றாம் வரிசை, கல் கிடையாது, வடக்கு ஓரம்.' அடுத்தது படப்புதிர்ப் பெட்டி. மூடிக்கு உள்பக்கம்: 'பார்சன்ஸ் கிழவருக்குக் காது கேட்கும் பக்கம் மனைவி இருக்க வேண்டுமாம். சரி என்றேன்.' ஸ்வெட்டர் பின்னும் மாதிரித் தாளின் ஓரத்தில் யாருடைய கல்லறையிலோ கல் சாய்ந்திருக்கிறது என்ற குறிப்பு, கல் சரிசெய்த தேதியோடு.

விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. டெலிபோன் அடிக்கும்போது கைக்கு எது எட்டுகிறதோ அதில் எழுதுவது நோலாவின் வழக்கம். எழுதியதைப் பிறகு ரிஜிஸ்டரில் ஏற்றுவாள். பெரும்பாலும் ஏற்றிவிடுவாள். ஆனால் எதை ஏற்றினாள், எதை ஏற்றவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். சில சமயம் அவளுக்கும் தெரியாது. அதனால் அந்த அறையில் எதையும் படிக்காமல் தூக்கிப் போட முடியாது. குப்பையை ஒழிக்கப் போனவள் பரீட்சைத் தாள் திருத்துபவள் மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

"ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"வாங்கினேனே. பதினோரு நோட்டு வாங்கினேன். எல்லாம் இங்கதான் எங்கேயோ இருக்கு."

இருந்தன. பதினொன்றும் புதுசாக, ஒரு வரி எழுதாமல்.

அவளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் யாராவது செத்தால் முதல் போன் டாக்டருக்கு, இரண்டாவது நோலாவுக்கு. அவள் உடனே சாண்ட்விச் தட்டோடு போய் நிற்பாள். மறுநாள் அவர்களைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டுவாள். வெயில் எப்படி வரும், யார் பக்கத்தில் யார், எந்த மரம் வேரை நீட்டும், எல்லாம் சொல்வாள். அழுதால் முதுகைத் தடவ மாட்டாள். சுத்தியலைக் கொடுத்து நாலு மூலையிலும் அவர்களையே முளை அடிக்கச் சொல்வாள். அடித்து முடிக்கும்போது அழுகை நின்றிருக்கும். சிட்னியிலிருந்து யாராவது கூப்பிட்டு, எங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே இருக்கிறாரா என்று கேட்டால், ரிஜிஸ்டரைப் புரட்டாமலே வரிசையும் எண்ணும் சொல்வாள். 'நோலாவிடம் சொல்லியாச்சு' என்றால் ஊரில் அதற்கு மேல் சீட்டும் முத்திரையும் யாரும் கேட்டதில்லை. அத்தனைக்கும் சம்பளம் கிடையாது, வருஷத்துக்கு ஒரு கைதட்டல் உண்டு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேஜை கிடைத்தது. ஒரு மூலை தெரிந்து, பிறகு பாதி, பிறகு முழுசும். பச்சை நிறம். நோலா துணியை நனைத்து அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"இது பச்சைன்னே மறந்துட்டேன் பாரு. ரே வாங்கிட்டு வந்தது. பள்ளிக்கூடத்துல ஏலம் விட்டாங்க. லாரியில இருந்து தனியா இறக்கி முதுகைப் பிடிச்சுக்கிட்டான் முட்டாள்."

ரே அவள் கணவன். கோதுமைக் களஞ்சியத்தில் எடை போடும் வேலை. பேச்சு குறைவு, கை சுத்தம். கல்லறையின் வரைபடத்தைச் சுவர்க்காகிதத்தின் பின்பக்கம் அளந்து வரைந்து கொடுத்தவன் அவன்தான். இன்னும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தான். அவன் கிடப்பது மிளகு மரம் என்று நாங்கள் சொல்லும் பெரிய மரத்து நிழலில், புது வரிசையின் கடைசி இடம், பதினாறாம் நம்பர். அதற்கு அந்தப் பக்கம் பாதை. இந்தப் பக்கம் பதினைந்து, அது நோலாவுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தன் இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ரேயோடு தகராறு பண்ணிவிட்டு வருவாள். நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கூரை ஓட்டை பற்றித் தகராறு.

புதன்கிழமை அறை அறையாகிவிட்டது. ஜன்னல் பட்டைகளைத் திறக்க முடிந்தது. ஒரு பெட்டி ரிஜிஸ்டர்களுக்கு, ஒன்று குழி இடங்களுக்கான உரிமைச் சீட்டுகளின் நகல்களுக்கு, ஒன்று கடிதங்களுக்கு. நாலாவது பெட்டியில் துண்டுக் குறிப்புகள். ஒவ்வொன்றையும் ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்து, ஏறியிருந்தால் மூலையில் சரி போட்டு, ஏறாததை ஏற்றி, உறையில் போட்டோம். ஏறாதது மொத்தம் ஆறுதான். ஆறும் கல் சாய்ந்தது, வேலி அறுந்தது வகை. நோலாவின் உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

"பார்த்தியா? குப்பைக்காரி, குப்பைக்காரின்னியே. ஒருத்தரையாவது இடம் மாத்திப் புதைச்சிருக்கேனா?"

"நான் எப்போ குப்பைக்காரின்னேன்?"

"மூஞ்சியில சொன்னே."

மிச்சம் இருந்தது எழுதுபொருள் அலமாரி ஒன்று. ரப்பர் வளையங்கள், காய்ந்த பேனாக்கள், ஒரு முட்டை அட்டைப்பெட்டி நிறைய குண்டூசி. குண்டூசிகளை ஒரு ஜாம் பாட்டிலில் கொட்டினேன். அட்டையைப் போகிற குவியலில் எறியப் போனவள், மூன்று நாள் பழக்கத்தில் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் பேனாவில் எழுதியிருந்தது. என் வாய்தான் சும்மா இருக்காதே. சத்தமாகவே படித்தேன்.

"'வெர்ன். ஐரிஸ் பக்கத்து இடம், பதினஞ்சு, வெர்னுக்கு. டிசம்பர் ஒன்பது.' வருஷம் ரெண்டாயிரத்து எட்டு."

நோலா டீக்கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து போய் முதல் பெட்டியைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்து, பச்சை மேஜையில் விரித்தாள். பதினாலு: ஐரிஸ் நோய்மன், வெர்னின் மனைவி, அந்த டிசம்பர். பதினைந்து: நோலா கெம்ப், அவள் கையெழுத்திலேயே, ரே செத்த வருஷம். பதினாறு: ரே.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அறுவடை நேரம். ஐரிஸ் செத்த மறுநாள். வாசல்ல வந்து நின்னான். ஒரு டஜன் முட்டை கொண்டு வந்திருந்தான். துக்கத்துல இருக்கிறவன் எனக்கு முட்டை கொண்டு வரான் பாரு. 'அவ பக்கத்துல எனக்கு வச்சிரு'ன்னான். 'எழுதிக்கிட்டியா நோலா?'ன்னு கேட்டான். எழுதிக்கிட்டேன்னேன். எழுதித்தான் இருக்கேன்."

அவ்வளவுதான். முட்டை தீர்ந்திருக்கும், காலி அட்டையில் குண்டூசி வந்திருக்கும். எட்டு வருஷம் கழித்து ரே விழுந்த அன்று, அவள் ரிஜிஸ்டரைப் பார்த்திருக்கிறாள். பதினைந்து காலி. பதினாறு காலி. மிளகு மரத்து நிழல். புருஷனை இழந்தவள் வேறு எதைப் பார்ப்பாள்?

எங்கள் மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலரை அடிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. மற்ற ஊர்களில் ஆழமாகத் தோண்டிப் புருஷன் பெண்டாட்டியை ஒருவர்மேல் ஒருவராக வைப்பார்கள். இங்கே ஒரு குழிக்கு ஒரு சவப்பெட்டிதான். ஐரிஸுக்கு அந்தப் பக்கம் பதிமூன்றில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஆக, இருப்பது ஒரே இடம். அதில் வெர்ன் படுத்தால் அவர் மனைவி பக்கத்தில் இருப்பார். நோலா படுத்தால் அவள் புருஷன் பக்கத்தில் இருப்பாள். இரண்டும் நடக்காது.

அப்போது நான் சொன்னதை எழுதாமல் விடலாம். விட மாட்டேன். "தூக்கிப் போடு, நோலா," என்றேன். "ரிஜிஸ்டர்ல உன் பேர் இருக்கு. சீட்டு இருக்கு. முட்டை அட்டையெல்லாம் கணக்குல வராதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு முகம் சுட்டது.

"அவன் சீட்டுக் கேட்கலடி. கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். நான் சொன்னதே போதும்னு நம்பிப் போனான்."

"அப்போ நீ?"

"டீ ஆறிப்போச்சு," என்றாள்.

வியாழக்கிழமை காலையில் என் காரில் வெர்ன் நோய்மன் வீட்டுக்குப் போனோம். முட்டை அட்டை அவள் மடியில் இருந்தது. வெர்னுக்கு எண்பத்தாறு. நிலத்தை மகளிடம் விட்டுவிட்டு நாலு கோழியோடும் ஒரு கிழட்டு நாயோடும் தனியாக இருந்தார். முப்பது வருஷம் ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவராக இருந்தவர். இப்போது இருதயம் மக்கர். அவர் மாத்திரைகளை நான்தான் வாராவாரம் பிரித்துக் கொடுக்கிறேன். அவருக்கு எவ்வளவு காலம் மிச்சம் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

நோலா உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை, மன்னிப்பைக்கூடக் கடைசியில்தான் கேட்டாள். அட்டையை அவர் முன்னால் வைத்தாள். வெர்ன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"பதினாறு வருஷமா, ஒவ்வொரு சனிக்கிழமையும், அந்த இடத்துல நின்னுதான் அவகிட்ட பேசுறேன்," என்றார். "என் இடத்துல நிக்கிறேன்னு நினைச்சு நின்னேன். உன் இடத்துல நின்னிருக்கேன்."

"ஆமா, வெர்ன்."

"பக்கத்துல ரேயை வச்சப்பகூட நினைச்சேன். சரி, எனக்கு ரெண்டு பக்கமும் நல்ல துணைன்னு."

"தப்பு என்னோடது."

"தப்புதான்!" மேஜையில் ஓங்கித் தட்டினார். நாய் எழுந்து வெளியே போய்விட்டது. "உன்னை நம்பித்தான ஊரே சாகுது!"

அதைச் சொன்னதும் அவருக்கே என்னவோ ஆகிவிட்டது. உதட்டோரம் துடித்தது. நோலா முதலில் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்து, இருமி, கெட்டிலைப் போடப் போனார். ஒரு தட்டில் இஞ்சி பிஸ்கட் வைத்தார். நமுத்துப் போன பிஸ்கட்.

"ஒண்ணு பண்ணுவோம்," என்றார். "யார் முதல்ல போறாங்களோ அவங்களுக்கு."

"எனக்கு எழுபத்தெட்டு, உனக்கு எண்பத்தாறு. இதுக்குப் பேரு பந்தயமா? நீதான் ஜெயிப்பே."

"இத்தனை வருஷத்துல ஒண்ணுலயாவது உன்னை ஜெயிக்கணும்ல."

இங்கேதான் என் வாய் மறுபடியும் திறந்தது. வழி இருக்கும்போது இரண்டு கிழங்களும் ஏன் தவிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் எரிக்கச் சம்மதிச்சா, சாம்பலை அவங்கவங்க ஆள் குழிக்குள்ளயே வைக்கலாம். இடமே வேண்டாம். இப்ப பாதிப் பேர் அப்படித்தான பண்றாங்க?"

"நானா?" என்றார் வெர்ன். "முப்பது வருஷம் ஊர் ஊராப் போய் நெருப்பை அணைச்சிருக்கேன். கடைசியில நானே அதுக்குள்ள போகணுமா? அது என்னைப் பார்த்துச் சிரிக்காது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோலா சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் பிடித்தபடி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்ன் அவளைப் பார்த்தார். உடனே முகம் மாறி, "ஐயோ, நோலா. மறந்துட்டேன்மா," என்றார்.

"பரவால்ல," என்றாள். எழுந்தாள். "பதினஞ்சு உன்னோடது. இன்னிக்கே எழுதிடுவேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நீ எங்க போவே?"

"அது என் பாடு."

காரில் ஏறிப் பாதி தூரம் வரைக்கும் எனக்குக் கேட்கத் தைரியமில்லை. களஞ்சியம் தாண்டும்போது அவளாகவே சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எனக்கு ஒன்பது வயசு. புல்லுத்தீ. அப்பா மாட்டை விரட்டப் போயிருந்தார். அம்மா என்னைத் தூக்கிப் பண்ணைக் குட்டைத் தண்ணிக்குள்ள போட்டுட்டு நீலைத் தூக்கிட்டு வர ஓடினா. என் தம்பி. நாலு வயசு. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருந்தான். அம்மாவால உள்ள போக முடியல." கொஞ்ச நேரம் வயலைப் பார்த்தாள். "புதைக்க ஒண்ணும் கிடைக்கல. ஊருக்காக வெறும் பெட்டியைப் புதைச்சாங்க. நான்தான் மேல பூ வச்சேன். அது வெறும் பெட்டின்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது."

இருபத்திரண்டு வருஷம் பழகியிருக்கிறேன். அவளுக்குத் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறேன், ரே செத்தபோது நாலு இரவு அவள் வீட்டில் படுத்திருக்கிறேன். நீல் என்ற பெயரை அன்றுதான் கேட்டேன். அதனால்தான் அவள் கல்லறை வேலைக்கு வந்தாள், அதனால்தான் எதையும் தூக்கிப் போட மாட்டாள் என்றெல்லாம் சொல்ல எனக்கு ஆசைதான். சொல்ல மாட்டேன். தீயில் வீடு போனவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. எல்லாரும் விதை பாக்கெட் சேர்க்கவில்லை. ஆனால் வெர்ன் வீட்டில் நான் சொன்ன யோசனையை நினைத்து என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காரை நிறுத்தி, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலியே," என்றாள். "வண்டியை எடு. வெயில் கொளுத்துது."

வெள்ளிக்கிழமை நான் போனபோது அறை பளிச்சென்று இருந்தது. நாலு பெட்டியும் லேபிளோடு பச்சை மேஜைமேல். ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தேன். பதினைந்துக்கு நேராக அவள் பெயரை ஸ்கேல் வைத்து ஒரே கோடாக அடித்து, மேலே வெர்ன் பெயரை எழுதி, தேதி போட்டு, 'செயலாளரின் பிழை திருத்தப்பட்டது' என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் அது ஒன்றுதான். மேல்வேலியோரம் காலி இடங்கள் இருந்தன. தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லாத இடங்கள். அங்கே ஒன்றைத்தான் எடுத்திருப்பாள் என்று புரட்டிப் பார்த்தேன். அங்கே அவள் பெயர் இல்லை.

பதினோரு மணிக்கு டவுன் டிரஸ்ட் பெண் வந்தாள். டேனிகா என்று பெயர், முப்பது வயசு இருக்கும், மடிக்கணினி, நல்ல மரியாதை. நாலு பெட்டியைப் பார்த்து அசந்துவிட்டாள்.

"எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன். இவ்வளவு சுத்தமா யாரும் கொடுத்ததில்ல. நீங்க ரொம்ப ஒழுங்கானவங்க போல, மிஸஸ் கெம்ப்."

என் வாயை நான் மூடிக்கொண்டேன். நோலா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து அதைக் கவனித்துக்கொண்டாள்.

டேனிகா அடித்தல் இருந்த பக்கத்தைக் கேட்டாள். நோலா விளக்கினாள். முட்டை அட்டையையும் உறையில் போட்டுக் கொடுத்தாள். டேனிகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சத்தியமாக இதற்கு அவசியமே இல்லை, சட்டப்படி இடம் உங்களுடையதுதான் என்றாள். நோலா ரிஜிஸ்டரில் வெர்ன் பெயர்மேல் விரலை வைத்துக் காட்டினாள். டேனிகா அதைக் கணினியில் தட்டினாள்.

"சரி. அப்போ உங்களுக்கு எந்த இடம் போடட்டும்?"

"பதினாறு."

"பதினாறுல உங்க கணவர் இருக்காரே?"

"இருக்கார். சாம்பலா வந்தா அங்கேயே வைக்கலாம்ல?"

"தாராளமா. ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். எல்லாரும் இப்ப அப்படித்தான் கேட்கிறாங்க." டேனிகா தட்டினாள். "ஆச்சு. ரொம்ப சுலபம்."

நான் நோலாவைப் பார்த்தேன். அவள் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேனிகா பழக் கேக் சாப்பிட்டாள், நன்றி சொன்னாள், பெட்டிகளை நாங்கள் மூவரும் தூக்கிக் காரில் வைத்தோம். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் நோலா கை ஆட்டினாள்.

அறைக்குத் திரும்பி வந்தோம். தரையில் நடக்க இடம் இருந்தது. நோலா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். டெலிபோனை ஒரு தடவை தூக்கி வைத்தாள், இனிமேல் அது டவுனில்தான் அடிக்கும். நான் மேஜையின் மறுபக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஏன் இப்படிச் செய்தாய், வேலியோரம் இடம் இருந்ததே என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வெயிலிலும் விரல்கள் சில்லென்று இருந்தன.

"கெமிஸ்ட்டு. நீ படிச்சவ. உள்ளதைச் சொல்லு. சூடு தெரியாதுல்ல?"

"தெரியாது, நோலா."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூடத் தெரியாது."

தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். நானும் மறுபடியும் அதையே சொன்னேன்.